சாக்பீஸ் வந்தால் இங்கிலீஷ்

சாக்பீஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு நான் கதவைத் தட்டினால் அந்த சாருக்கு இங்கிலீஷ் வந்துவிடும். அதுவரைக்கும் தமிழ்தான். பாதி வாக்கியம் தமிழில் இருக்கும், மீதி இங்கிலீஷில் முடியும். நடுவில் மூச்சு விடக்கூட மாட்டார். பிள்ளைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நோட்டைப் பார்ப்பார்கள். நான் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே வருவேன். வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து பிரின்சிபால் வந்துகொண்டிருப்பார்.

ஒரகடம் பக்கத்தில் ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் நான் அட்டெண்டர். வகுப்பறைகளைத் திறப்பது, பூட்டுவது, போர்டைத் துடைப்பது, ஆசிரியர் அறைக்கு டீ கொண்டுபோவது என் வேலை. சொந்த ஊர் பென்னலூர். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. யாராவது பெயர் கேட்டால்கூடத் தரையைப் பார்த்துத்தான் சொல்வேன். அந்த சார் என்னைப் பிடித்துக்கொண்டதே அதனால்தான்.

"நீங்க ஒருத்தர்ட்டயும் வாய் தொறக்க மாட்டீய அண்ணாச்சி. அதான் ஒங்ககிட்ட கேக்கேன்" என்றார்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் மெக்கானிக்கல் பிளாக்கில் மெஷின் பாடம் எடுக்க வந்தவர். ஒல்லியான ஆள். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் சொருகியிருக்கும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

எங்கள் கல்லூரியில் வராந்தாவுக்கு வராந்தா ஒரு பலகை தொங்கும். இங்கே இங்கிலீஷில் மட்டுமே பேச வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோரிடம் பிரின்சிபால் முதலில் சொல்வதும் அதைத்தான். உத்திரமேரூரிலிருந்தும் வாலாஜாபாத்திலிருந்தும் வருகிற அப்பா அம்மாக்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே வந்து உட்காருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவர்கள். இங்கிலீஷில் பாடம் நடக்கும்போது அவர்கள் முகத்தை ஜன்னல் வழியாக நான் பார்த்திருக்கிறேன். பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் போல இருப்பார்கள்.

அந்த சார் வந்த புதிதில் அவரும் இங்கிலீஷில்தான் நடத்தினார். ஒரு நாள் நடுவில் நிறுத்தினார். வகுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து கதவைச் சாத்திவிட்டு, "ஏய்யா, ஒரு எழவும் வெளங்கலல்லா?" என்றார். வகுப்பு மொத்தமும் சிரித்துவிட்டது. அன்றைக்குத்தான் என்னைக் கூப்பிட்டு, பிரின்சிபால் வந்தால் சாக்பீஸ் எடுத்து வரச் சொன்னார்.

"கேமரா இருக்குதே சார்" என்றேன். வகுப்பறைக்குள் ஒரு கேமரா மாட்டியிருந்தார்கள்.

"அதுக்குக் கண்ணு மட்டும்தான் இருக்கு, காது கெடையாது. நான் விசாரிச்சிட்டேன்."

இப்படி ஆரம்பித்தது. வகுப்பில் தேவைக்கு மேல் சாக்பீஸ் சேர்ந்துபோனது. மேஜை டிராயர் நிறைந்து ஜன்னல் கட்டையில் வைத்தோம். ஒரு தடவை பிரின்சிபால் உள்ளே நுழைந்து அத்தனை பெட்டிகளையும் பார்த்துவிட்டு, இந்த பிளாக் அட்டெண்டர் மாதிரி மற்றவர்களும் இருக்க வேண்டும் என்று பாராட்டினார். சாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. திரும்பி நின்று போர்டைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கனவே துடைத்த போர்டு.

வெளியே நின்றே எனக்கு அவருடைய இரண்டு குரலும் பழகிவிட்டது. தமிழில் நடத்தும்போது நடந்துகொண்டே இருப்பார். கடைசி பெஞ்சு வரை போவார். குரல் ஒரு பக்கம் தேய்ந்து இன்னொரு பக்கம் வரும். ஒவ்வொரு பத்தி முடிந்ததும், "வெளங்குச்சா, வெளங்கலையா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு நிற்பார். யாராவது பதில் சொல்கிற வரைக்கும் அடுத்ததற்குப் போகமாட்டார். இங்கிலீஷ் வந்துவிட்டால் மேஜையை ஒட்டி நின்றுவிடுவார். ஒரு கை சட்டைப் பொத்தானுக்குப் போய்விடும். குரல் ஒல்லியாகி, ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்பு சொல்வதுபோல ஓடும். கண் பிள்ளைகள்மேல் இருக்காது, மேலே சுற்றுகிற ஃபேன்மேல் இருக்கும். நடுநடுவே "அண்டர்ஸ்டுட்?" என்பார். பதிலுக்கு நிற்கமாட்டார்.

ஏன் சார் இப்படி என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கேட்க வராது. ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே அவராகவே சொன்னார்.

"நான் காலேஜ் சேந்த மொத வாரம், எந்திரிச்சு ஒரு சந்தேகம் கேட்டேன் அண்ணாச்சி. இங்கிலீஷ்ல. கேட்டு முடிக்கல, கிளாஸே சிரிச்சிட்டு. வாத்தியாரும் சிரிச்சாரு. அன்னைக்கு உக்காந்தவன்தான். நாலு வருசமும் ஒரு சந்தேகமும் கேக்காமலே பாஸானேன்." டம்ளரைக் கீழே வைத்தார். "என் கிளாஸ்ல ஒரு பிள்ளையும் அப்படி உக்காரக் கூடாது."

அவர்மேல் எனக்கு வந்த மரியாதை அந்தப் பேச்சில் வந்தது. அதனால்தான் பிறகு நடந்தது இன்னும் ஆறவில்லை. யாரோ ஒரு வாத்தியார் செய்திருந்தால் மறந்திருப்பேன்.

என் மகள் மஞ்சு அதே கல்லூரியில் மெக்கானிக்கல் சேர்ந்தாள். அட்டெண்டர் பிள்ளை என்று சலுகை கிடைத்தது. பன்னிரண்டாவது வரை எங்கள் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவள். பெண்பிள்ளைக்கு மெஷின் படிப்பு எதற்கு என்று உறவில் பேசினார்கள். சுற்றிச் சுற்றி இத்தனை கம்பெனி இருக்கிறது, என் பிள்ளை அதில் ஒன்றில் இன்ஜினியராக உட்கார வேண்டும் என்பது எனக்கு ஆசை. பாகம் மாட்டுகிற லைனில் நாள் முழுக்க நிற்கிற வேலை இல்லை. மேஜை போட்டு உட்காருகிற வேலை. என் தம்பி, அவன் சம்சாரம், எங்கள் தெருவில் பாதி வீடு எல்லாமே லைனில் நிற்பவர்கள்தான். மஞ்சு ஒருத்தியாவது உட்காரட்டும் என்று நினைத்தேன்.

இரண்டாம் வருஷம் அவள் அந்த சாரின் வகுப்புக்கு வந்தாள். ஒரு நாள் நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன். உள்ளே சார் குரல் கேட்கிறது.

"யாரு வீட்டுல தையல் மெஷின் இருக்கு?"

"எங்க வூட்ல கீது சார்." மஞ்சு குரல். வகுப்பு சிரித்தது.

"என்னத்துக்குச் சிரிக்கீய? சொல்லு தாயி. மிதிக்கிறத நிப்பாட்டினா ஊசி அப்பமே நின்னுருமா?"

"நிக்காது சார். ரெண்டு மூணு தையல் போய்தான் நிக்கும்."

"ஏன்?"

"பக்கத்துல சக்கரம் சுத்தினு இருக்குல்ல சார். மிதிச்சதை அது பிடிச்சு வச்சிக்கும். நாம விட்டதும் கொஞ்சம் கொஞ்சமா குடுக்கும்."

பிறகு சார், "அம்புட்டுத்தான்யா ஃப்ளைவீல். நான் ஒரு மணி நேரம் நடத்தணும்னு வந்தேன், இந்தப் பிள்ளை ஒரு வாயில முடிச்சிட்டா" என்றார். எல்லோரையும் கை தட்டச் சொன்னார். வெளியே சாக்பீஸ் பெட்டியோடு நின்ற நானும் தட்டியிருப்பேன். கை காலியாக இல்லை.

வீட்டுக்குப் போனதும் மஞ்சு அவள் அம்மாவின் தையல் மெஷின் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டாள். "அம்மா, உன் மெஷின்தான் இன்னைக்கு எங்க பாடம்" என்றாள்.

"அதுக்கு மொதல்ல எண்ணெய் போடு, அப்பறம் பாடம் படி" என்றாள் என் மனைவி.

அந்த வருஷம் ஒரு கிருத்திகையன்று வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் சார் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் என் மனைவியை "மதினி" என்று கூப்பிட்டுப் பேசினார். அவள் வெட்கப்பட்டுப் போனாள். சன்னதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டி, "சாமி, தமிழ்லயே பண்ணுங்க. நீங்க என்ன சொல்லுதீயன்னு எனக்கும் வெளங்கணும்லா" என்றார். யார் பெயருக்கு என்று குருக்கள் கேட்டதற்கு மஞ்சுவைக் காட்டி, "இந்தப் பிள்ளைக்கு. பரீட்சை வருது" என்றார். பிரகாரத்தில் உட்கார்ந்திருக்கும்போது என் மனைவி என் காதில், "தங்கமான மனுசன்யா" என்று சொன்னாள். நான் தலையாட்டினேன்.

பரீட்சை இங்கிலீஷில்தான் எழுத வேண்டும். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். பாடத்தைத் தமிழில் நடத்திவிட்டு, முடிக்கும்போது கேள்விக்கு உரிய பதிலை இங்கிலீஷில் சொல்லிச் சொல்லி எழுத வைப்பார். "வெளங்கினதை மண்டையில வை. எழுதினதை உருப்போட்டுப் பேப்பர்ல வை" என்பார். பிள்ளைகள் அப்படியே செய்தார்கள். நல்ல மார்க்கும் வாங்கினார்கள். அவருடைய பாடத்தில் தோற்கிறவர்கள் குறைவு. பிரின்சிபால் கூட்டத்தில் அதற்கும் பாராட்டு.

மூன்றாம் வருஷம் மஞ்சு என்னிடம் ஒன்று சொன்னாள். அவளுக்கு எழுத வருகிறது, பேச வரவில்லை. இங்கிலீஷில் வாய் திறந்தால் உருப்போட்ட வரிதான் வருகிறது. அதில் ஒரு சொல் நழுவினால் மொத்தமும் போய்விடுகிறது.

"சாரைக் கேளேன்" என்றேன்.

கேட்டிருக்கிறாள். வகுப்பில் கொஞ்ச நேரமாவது எங்களை இங்கிலீஷில் பேச வையுங்கள் சார், தப்பாகப் பேசினால் திருத்துங்கள் என்று. அவர் சிரித்துக்கொண்டே, "அதுக்கு இங்கிலீஷ் மேடம் இருக்காவல்லா தாயி. நான் மெஷின் வாத்தியார்" என்று சொல்லியிருக்கிறார்.

அந்த மேடம் சென்னைக்காரர். எதையும் முகத்துக்கு நேரே கேட்பவர். ஒரு மத்தியானம் ஆசிரியர் அறைக்கு நான் டீ கொண்டுபோனபோது இரண்டு பேரும் வாக்குவாதத்தில் இருந்தார்கள்.

"பசங்கள என்கிட்ட அனுப்பறீங்களே சார், நான் இன்னா பண்ணுவேன்? எனக்கு ஃபர்ஸ்ட் இயர் மட்டும்தான் கிளாஸ். லெட்டர் எழுதறது, ஒரு கதை, ஒரு பாட்டு. அவ்ளோதான் என் சிலபஸ்."

"இங்கிலீஷ் ஒங்க டிபார்ட்மெண்ட் மேடம்."

"ஃப்ளைவீலை இங்கிலீஷ்ல எப்டி விளக்கறதுன்னு எனக்கே தெரியாது. அது எப்டி சுத்துதுன்னு தெரிஞ்சவருதான் சொல்லிக் குடுக்கணும். நீங்க கதவ சாத்திக்கினு நடத்தறது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க."

சார் கை பொத்தானுக்குப் போனது. "அவங்களுக்கு வெளங்க வைக்கிறதுதான் என் வேலை. நான் அதைச் செய்யுதேன். பேச வைக்கிறது என் வேலை இல்ல. அதுக்கு எனக்கு ட்ரெயினிங்கும் இல்ல, சம்பளமும் இல்ல."

"அப்ப யாரு வேலை சார் அது?"

அவர் என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, சீனி போடலைல்லா?" என்றார். அவருக்கு எப்போதும் சர்க்கரை இல்லாத டீதான். அவருக்கே அது தெரியும்.

எனக்கு அன்றைக்கு மேடம்மேல்தான் கோபம் வந்தது. இவ்வளவு நல்ல மனுஷனை இப்படிக் கேட்கிறாரே என்று.

கடைசி வருஷம், வண்டிகளுக்குப் பாகம் செய்கிற ஒரு கம்பெனியிலிருந்து ஆள் எடுக்க வந்தார்கள். ட்ரெயினி இன்ஜினியர் வேலை. எழுத்துப் பரீட்சையில் மஞ்சு பேர் மேலே இருந்தது. அடுத்து நேரில் கேட்கிற கேள்வி. அதில் தேறிவிட்டால் வேலை. என் மனைவி விடிந்ததுமே மெஷினில் உட்கார்ந்து, மஞ்சுவின் சுடிதாரில் தளர்ந்திருந்த தோள்பட்டையைப் பிடித்துக் கொடுத்தாள். மஞ்சு இஸ்திரி போட்ட உடையோடு கல்லூரி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். உட்கார்ந்தால் கசங்கிவிடுமாம்.

கூட்ட அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பிரின்சிபால். ஒரு பக்கம் கம்பெனிக்காரர், என் வயசு இருக்கும். இன்னொரு பக்கம், துறையின் சார்பில், எங்கள் சார். அவர் இருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்கு நெஞ்சு லேசானது. மஞ்சுவும் கதவுக்கு வெளியே என்னைப் பார்த்து, "சார் இருக்காருப்பா" என்று மெல்லச் சொன்னாள்.

அவள் உள்ளே போன பின்பு, டீ கொண்டுபோகச் சொல்லி என்னை அனுப்பினார்கள். நான் கொஞ்சம் கழித்துப் போகிறேன் என்று சொல்லத் தெரியாமல் தட்டை எடுத்துக்கொண்டு நுழைந்தேன்.

கம்பெனிக்காரர் அப்போதுதான் கேட்டு முடித்திருந்தார். ஃப்ளைவீல் என்ற சொல் என் காதில் விழுந்தது. நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். வேறு எதைக் கேட்டிருந்தாலும் பயந்திருப்பேன்.

"ஃப்ளைவீல் இஸ்..." என்று மஞ்சு ஆரம்பித்தாள். "இட் இஸ்... ஸ்டோரிங்..." நின்றுவிட்டாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதே இடத்தில் நின்றாள். பிறகு நிமிர்ந்து கம்பெனிக்காரரைப் பார்த்து, "சார், தமிழ்ல சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "சொல்லும்மா. எனக்கு மெஷின் தெரிஞ்சாப் போதும். எங்க ஷாப்புல யாரு இங்கிலீஷ் பேசிக்கினு இருக்காங்க?"

மஞ்சு முகம் தெளிந்தது. சாரைத் திரும்பிப் பார்த்தாள். தையல் மெஷினைச் சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. சாருக்கும் தெரிந்திருக்கும்.

அப்போது பிரின்சிபால் தலையைத் திருப்பி சாரிடம் மெதுவாக இங்கிலீஷில் ஏதோ கேட்டார். உங்கள் வகுப்புப் பெண்தானே, தமிழில் பேசுகிறாளே என்பது போல. சாரின் கை பொத்தானுக்குப் போனது.

"நோ சார், நோ சார். இன் மை கிளாஸ் ஒன்லி இங்கிலீஷ், சார்." பிறகு கம்பெனிக்காரரிடம் இங்கிலீஷில் வேகமாகப் பேசினார். அதில் எனக்குப் புரிந்தது தமிழ் மீடியம் என்ற சொல்லும், வேண்டாம் என்று ஆட்டிய கையும்தான். கடைசியில் மஞ்சு பக்கம் திரும்பினார். அந்த ஒல்லிக் குரல். "ஆன்சர் இன் இங்கிலீஷ் ஒன்லி. அண்டர்ஸ்டுட்?"

கண் அவள்மேல் இல்லை. அது ஏசி அறை. மேலே ஃபேன்கூட இல்லை. ஆனாலும் மேலேதான் பார்த்தார்.

கம்பெனிக்காரர் பேனாவை மூடி, "சரி சார், உங்க காலேஜ் ரூல்னா நான் இன்னா சொல்றது" என்றார். மஞ்சு நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். பிறகு நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். நன்றியை இங்கிலீஷில் சரியாகச் சொன்னாள்.

நான் டீயை வைத்தேன். பிரின்சிபாலுக்கு, கம்பெனிக்காரருக்கு, அவருக்கு. அவருக்குச் சர்க்கரை போடாத டம்ளரைப் பார்த்துத்தான் வைத்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வகுப்பறை பூட்டும்போது என்னைத் தேடி வந்தார். "அண்ணாச்சி" என்றார். நான் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பிரின்சிபால் பக்கத்துல இருந்தாரு. அவ தமிழ்ல அவ்வளவு அழகா சொல்லியிருந்தா, இதை யாரு தமிழ்ல நடத்தினான்னு கேள்வி வரும்லா. எனக்கும் பிள்ளகுட்டி இருக்கு. நான் என்ன செய்ய?"

நான் சாவியை இன்னொரு தடவை திருப்பினேன்.

"அவளுக்கு வெளங்க வச்சேன்லா அண்ணாச்சி? அதுல நான் கொறை வச்சேனா? சொல்லுங்க."

அதைக் கேட்டுவிட்டு நின்றார். வகுப்பில் நிற்பதுபோலவே, பதில் வரட்டும் என்று நின்றார். குறை வைக்கவில்லைதான். என் மகளுக்கு அந்த மெஷின் முழுக்கத் தெரியும், அவரால்தான் தெரியும். தெரிந்ததைச் சொல்ல அவள் வாய் திறந்த ஒரே இடத்தில் அவரே வாயை அடைத்தார். இரண்டும் ஒரே ஆள் செய்தது. இதை அவரிடம் சொல்ல எனக்கு அப்போது சொல் வரவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

வீட்டில் மனைவி, "இன்னாயா ஆச்சு, ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கினு வரீங்க?" என்றாள். மஞ்சு நடந்ததைச் சொன்னாள். அழவில்லை. அவள் அம்மா கேட்டுவிட்டு, "கோயில்ல பாத்தமே, அதே ஆளா?" என்றாள். திரும்பவும், "அதே ஆளா?" என்று கேட்டாள்.

"அவரேதாம்மா" என்றாள் மஞ்சு. "இங்கிலீஷ்ல பேசும்போது அவருக்கு நான் யாருன்னே தெரியலம்மா."

அதற்குப் பிறகு வந்த கம்பெனிகளிலும் அவளுக்குக் கிடைக்கவில்லை. இப்போது ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்டில் லைனில் நிற்கிறாள். ஷிப்ட் பஸ் எங்கள் தெரு முனைக்கு வருகிறது. பத்தாவது முடித்த பெண்களோடு அதே நீலச் சட்டையில் ஏறிப் போகிறாள். எதற்கும் குறை சொல்வதில்லை. நான்தான் பஸ் கிளம்பும்போது வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

மஞ்சு படித்து முடித்ததும் கல்லூரியில் அடுத்த வருஷம் தொடங்கியது. புதிய இரண்டாம் வருஷப் பிள்ளைகள். சார் வகுப்புக்கு வந்தார். என்னைப் பார்த்து, ஒன்றும் நடக்காதது போலவும் இல்லை, நடந்தது போலவும் இல்லை, "அண்ணாச்சி, நிப்பீயல்லா?" என்றார்.

நான் கதவை முழுக்கத் திறந்து, சுவரோடு ஒட்டித் தள்ளினேன். அடியில் ஒரு மரக்கட்டையைச் சொருகினேன்.

"தொறந்தே இருக்கட்டும் சார்" என்றேன்.

அவரிடம் நானாகப் பேசிய பேச்சு அது ஒன்றுதான். நின்று என்னைப் பார்த்தார். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. மேஜையை ஒட்டிப் போய் நின்றார். தொண்டையைக் கனைத்தார். இங்கிலீஷில் ஆரம்பித்தார்.

நான் வாசலில் நின்று கேட்டேன். ஒல்லிக் குரல் ஓடிக்கொண்டே இருந்தது. ஃபேனைப் பார்த்தபடி பேசினார். பொத்தானை விடவில்லை. இந்தப் பிள்ளைகளாவது தினமும் அந்தச் சொற்களைக் காதில் வாங்கட்டும், மிச்ச வருஷமெல்லாம் கேட்டால் வாய்க்கும் வந்துவிடும் என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு அவர்கள் முகத்தைப் பார்த்தேன். முதல் பெஞ்சிலிருந்து கடைசி வரை பேனாக்கள் நின்றிருந்தன. ஒரு பையன் நோட்டின் ஓரத்தில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தான். "அண்டர்ஸ்டுட்?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்ததற்குப் போய்விட்டார்.

முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, சாரைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். பின்னலை முன்னால் போட்டிருந்தாள். புதுப் பை.

"அண்ணா, கதவைச் சாத்திடுங்களேன். சீனியருங்க சொன்னாங்க, கதவு சாத்தினாதான் சார் நல்லா நடத்துவாராம். ஒண்ணுமே புரிய மாட்டேங்குதுண்ணா."

சார் பேச்சை நிறுத்தியிருந்தார். வகுப்பு மொத்தமும் என்னைப் பார்த்தது. அவரும் பார்த்தார். அத்தனை பேர் பார்த்தால் எனக்கு என்ன ஆகும் என்று எனக்குத்தான் தெரியும்.

குனிந்து கட்டையை உருவினேன். அந்தப் பெண் "தேங்க்ஸ்ணா" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். கதவைச் சாத்தினேன்.

பிறகு செருப்புச் சத்தம். மேஜையை விட்டு அவர் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஏய்யா, இங்க பாருங்க. யாரு வீட்டுல தையல் மெஷின் இருக்கு?"

பிள்ளைகள் சிரித்தார்கள். யாரோ ஒரு பெண் எங்கள் வீட்டில் இருக்கிறது என்றாள். சொல்லு தாயி என்று அவர் கேட்பது கேட்டது.

நான் சாக்பீஸ் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, பிரின்சிபால் வருகிறாரா என்று வராந்தாவைப் பார்த்து நின்றேன்.